மேக்ஸ்வெல் புத்தகத்தில் இடித்த ஒரு வரி... உங்கள் போனுக்குள் இருக்கும் எட்வின் ஹால் யார்?

ஃபிளிப் கவரை மூடினால் போன் ஸ்க்ரீன் தானாக அணைகிறது. லேப்டாப்பை மடக்கினால் அது தூங்கப் போய்விடுகிறது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் கைப்பிடியை எவ்வளவு திருகினீர்கள் என்பது மோட்டாருக்குத் தெரிந்துவிடுகிறது. கேமிங் பிரியர்கள் என்றால் 'ஹால் எஃபெக்ட் ஜாய்ஸ்டிக்' என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். இவற்றில் பெரும்பாலும் வேலை பார்ப்பது ஒரே ஆள்தான். ஹால் சென்சார்.

ஹால் என்றதும் நமக்கு ஹால் டிக்கெட்டோ கல்யாண ஹாலோதான் நினைவுக்கு வரும். இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும் முதல் வருட பிசிக்ஸ் பேப்பரின் பெரிய மார்க் கேள்வி ஞாபகம் வரலாம். டெரிவேஷன் மனப்பாடம் ஆகியிருக்கும், ஆனா அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எட்வின் ஹெர்பர்ட் ஹால், எலெக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியாத காலத்தில் எலெக்ட்ரானை ஓரமாகத் தள்ளிக் காட்டியவர். அப்போது அவர் பிஎச்டி மாணவர், வயது 23.

பள்ளி ஆசிரியரில் இருந்து ஆய்வு மாணவர்

1855 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கோரம் என்ற ஊரில் பிறந்தார். போடோயின் கல்லூரியில் 1875-ல் பட்டம். அதன்பிறகு இரண்டு வருடம் பள்ளிகளை நடத்தும் வேலை. இப்படியே ஓட்டிவிடலாம் என்று இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் 1877-ல் பால்டிமோர் நகருக்குக் கிளம்பினார்.

அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பாடம் நடத்துவதோடு ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்ற ஐடியா அமெரிக்காவுக்கே புதுசு. ஹாலுக்கு வாய்த்த பேராசிரியர் ஹென்றி ரோலண்ட், அவருக்கே முப்பது வயதுகூட ஆகவில்லை. மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஏழு வயதுதான் வித்தியாசம்.

இடித்த வரி

அன்றைக்கு மின்சாரம், காந்தம் என்றாலே ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்தான். 1873-ல் வெளியான அவருடைய இரண்டு தொகுதிப் புத்தகம் அந்தத் துறைக்கே வேதம் மாதிரி. அதைப் படித்துக்கொண்டு வந்தபோது ஓர் இடத்தில் ஹால் நின்றுவிட்டார்.

மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தத்துக்கு அருகில் வைத்தால் கம்பி நகரும். மோட்டார் சுற்றுவதே இதனால்தான். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி என்னவென்றால், காந்தம் தள்ளுவது எதை? கம்பியையா, கம்பிக்குள் ஓடும் மின்னோட்டத்தையா? மேக்ஸ்வெல் தெளிவாக, கம்பியைத்தான், மின்னோட்டத்தை இல்லை என்று எழுதியிருந்தார். கம்பியை நகராமல் பிடித்து வைத்துவிட்டால், உள்ளே மின்னோட்டம் தன் பாட்டுக்கு வழக்கமான பாதையிலேயே ஓடும் என்பது அவர் கணக்கு.

ஹாலுக்கு இது சரியாகப் படவில்லை. மின்சாரம் ஓடாத கம்பியைக் காந்தம் சீண்டுவதே இல்லை. மின்சாரம் ஓடினால்தான் தள்ளுகிறது. அப்படியென்றால் தள்ளு விழுவது மின்னோட்டத்தின் மேல்தானே? இந்தக் குழப்பத்தில் இருக்கும்போதே ஸ்வீடன் விஞ்ஞானி எரிக் எட்லண்டின் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. அது மேக்ஸ்வெல் சொன்னதற்கு நேர் எதிர். இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் மாணவர் என்ன செய்வார்? ஹால் நேராக ரோலண்டிடம் போய்க் கேட்டார்.

ரோலண்டுக்கும் மேக்ஸ்வெல் சொன்னதில் ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. அவரே அவசரமாக ஒரு சோதனை செய்து பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் விட்டிருந்தார். ஹால் கையில் எடுத்துக்கொண்டார்.

முதல் முயற்சி ஊத்திக்கொண்டது. காந்தம் மின்னோட்டத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினால், ஓட இடம் குறைந்து மின்தடை கூட வேண்டும் என்று நினைத்தார். ஜெர்மன் சில்வர் கம்பியைச் சுருட்டிக் காந்தத்துக்கு நடுவில் வைத்து அளந்தார். அந்தக் கருவிகளுக்குத் தெரிகிற அளவில் மாற்றமே இல்லை.

பிறகு ரோலண்டின் பழைய சோதனையைத் திரும்ப எடுத்தார்கள். அதில் ரோலண்ட் பயன்படுத்திய உலோகத் தகடு தடிமனானது. அதற்குப் பதில் தங்க ரேக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார் என்றார் ரோலண்ட். தஞ்சாவூர் ஓவியங்களில் ஒட்டுவார்களே, மூச்சு விட்டால் பறக்கும் அந்த மாதிரித் தங்கத்தாள்தான். அதன் நீளவாக்கில் மின்சாரத்தை ஓடவிட்டு, குறுக்கே இரண்டு ஓரங்களையும் கால்வனோமீட்டரில் இணைத்து, மொத்தத்தையும் மின்காந்தத்தின் நடுவில் வைத்தார்கள்.

1879 அக்டோபர் 28. காந்தத்தை ஆன் செய்தபோது கால்வனோமீட்டர் காட்டி விலகியது. விலகி அப்படியே நின்றது. குறுக்கே ஒரு சின்ன மின்னழுத்தம் உருவாகியிருந்தது. காந்தம் மின்னோட்டத்தையே தள்ளுகிறது என்பது உறுதியானது.

அடுத்த வாரமே, நவம்பர் 5 அன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மேக்ஸ்வெல் புற்றுநோயால் இறந்துபோனார். வயது 48. தன் புத்தகத்தில் ஒரு வரி திருத்தப்பட்ட செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை.

கண்டுபிடிப்பு அமெரிக்கக் கணித ஆய்விதழில் வெளியானது. இயற்பியலுக்குக் கணித இதழா என்றால், அது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே நடத்திய இதழ். கட்டுரையில் ஹாலின் பெயர் மட்டும்தான் இருந்தது. பழைய சோதனையும் தங்கத்தாள் யோசனையும் ரோலண்டுடையவை. ஆனாலும் அவர் தன் பெயரைச் சேர்க்கவில்லை. இன்றைய ஆய்வுக்கூட அரசியலைப் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் நம்ப முடியாத விஷயமாகத் தெரியும். பின்னாளில் லார்டு கெல்வின் ஆன வில்லியம் தாம்சன், இதை ஃபாரடேயின் கண்டுபிடிப்புகளுக்குச் சமமாக வைத்துப் பாராட்டினார். 1880-ல் ஹாலுக்கு பிஎச்டி கிடைத்தது.

உள்ளே என்னதான் நடக்கிறது?

ஜிஎஸ்டி ரோட்டில் தாம்பரம் நோக்கி வண்டிகள் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ எல்லா வண்டிகளையும் இடது பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? இடது ஓரம் நெரிசலாகும், வலது ஓரம் காலியாகும். கொஞ்ச நேரத்தில் இடது பக்க நெரிசலே திருப்பித் தள்ள ஆரம்பிக்கும். இரண்டு தள்ளலும் சமமானதும் வண்டிகள் மறுபடி நேராகப் போகும், ஆனா இரண்டு ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும். வண்டிகள் எலெக்ட்ரான்கள், தள்ளுவது காந்தப்புலம், அந்த வித்தியாசம்தான் ஹால் மின்னழுத்தம்.

தங்கத்தாள் ஏன் ஜெயித்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. காந்தத்தின் தள்ளு வேகத்தைப் பொறுத்தது. அதே மின்னோட்டத்தை மெல்லிய தாள் வழியாக அனுப்பினால், கொஞ்சம் எலெக்ட்ரான்களே வேகமாக ஓடி ஈடுகட்ட வேண்டும். வேகம் கூடினால் தள்ளும் கூடும், குறுக்கு மின்னழுத்தமும் பெரிதாகும்.

அடுத்து ஹால் மற்ற உலோகங்களை அளந்தார். 1881-ல் ஐரோப்பா போனபோது பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார். அளந்துகொண்டே போனதில் ஒரு சிக்கல் முளைத்தது. தங்கத்தில் ஒரு பக்கம் விலகிய காட்டி, இரும்பில் எதிர்ப்பக்கம் விலகியது! அதுவும் பல மடங்கு பெரிதாக. துத்தநாகமும் கோபால்ட்டும்கூட அதே எதிர்ப்பக்கம். 1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த பிறகு தலைவலி கூடியதே தவிர குறையவில்லை. எல்லா உலோகத்திலும் ஓடுவது எதிர்மின் எலெக்ட்ரான்தான் என்றால், சிலவற்றில் மட்டும் நேர்மின் துகள் ஓடுவது மாதிரி ஏன் காட்டுகிறது?

ஹால் அடுத்த 50 வருடத்துக்கும் மேல் இந்தக் கேள்வியோடு வாழ்ந்தார்.

ஹார்வர்ட் வாத்தியார்

1881-ல் ஹார்வர்டில் சேர்ந்தார், 1895-ல் பேராசிரியர், 1921-ல் ஓய்வு. அந்த 40 வருடத்தில் அவர் செய்த இன்னொரு வேலை அமெரிக்கப் பள்ளி மாணவர்களைத் தொட்டது. பிசிக்ஸை மனப்பாடம் செய்துவிட்டு ஹார்வர்டுக்கு வருவதைத் தடுக்க, 1880-களின் நடுவில் 40 செய்முறைகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார். மாணவர்கள் அவற்றைப் பள்ளியிலேயே கையால் செய்து, நோட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். பள்ளிகள் லேப் கட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. நம்மூர் பிளஸ் டூ ரெக்கார்டு நோட்டைப் படம் வரைந்து முடித்தவர்கள் இவரைத் திட்டலாமா என்று யோசித்தால், தப்பில்லை.

ஆள் பிடிவாதக்காரர் என்பதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. உயரத்தில் இருந்து விடும் பொருள் பூமியின் சுழற்சியால் சற்றுக் கிழக்கே தள்ளி விழும். தெற்கேயும் கொஞ்சம் விலகுமா என்பது பழைய சர்ச்சை. 1902-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹார்வர்ட் ஆய்வுக்கூடத்தில் சுமார் 23 மீட்டர் உயரத்தில் இருந்து குண்டுகளைப் போட்டுப் பார்த்தார். ஒன்றிரண்டு இல்லை, கிட்டத்தட்ட ஆயிரம் முறை. கிழக்கு விலகல் தெளிவாகத் தெரிந்தது. தெற்கு விலகலோ, இருக்கிறதா இல்லையா என்று அடித்துச் சொல்ல முடியாத அளவு சின்னது.

1919-ல் பாஸ்டன் போலீஸார் வேலைநிறுத்தம் செய்தபோது, 63 வயதில் தன்னார்வக் காவலராகப் பெயர் கொடுத்தார் இந்தப் பேராசிரியர்.

பதில் வேறு பக்கம் இருந்து வந்தது

ஓய்வுக்குப் பிறகும் ஹால் உலோகங்களை விடவில்லை. மின்சாரம் இரண்டு வழியில் ஓடுகிறது என்பது அவருடைய கொள்கை. சுதந்திரமாகத் திரியும் எலெக்ட்ரான்கள் ஒரு வழி. ஓர் அணுவில் இருந்து, எலெக்ட்ரானை இழந்து நிற்கும் பக்கத்து அணுவுக்கு நேரடியாகத் தாவும் எலெக்ட்ரான்கள் இன்னொரு வழி. இதை வைத்து எதிர்ப்பக்க விலகலை விளக்கிவிடலாம் என்று கணக்கு மேல் கணக்காகப் போட்டார்.

ஆனா விடை 1929-ல் ஐரோப்பாவில் கிடைத்துவிட்டது. ஹைசன்பர்க் கொடுத்த இந்தச் சிக்கலை, அவருடைய மாணவர் ருடால்ஃப் பையர்ல்ஸ் குவாண்டம் இயக்கவியலை வைத்து அவிழ்த்தார். பையர்ல்ஸுக்கு வயது 22 இருக்கும், ஹாலுக்கு 73. படிகத்துக்குள் எலெக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் இடங்கள் ஏறக்குறைய நிரம்பிவிட்டால், மிச்சம் இருக்கும் காலி இடங்கள் நேர்மின் துகள்கள் போல நடந்துகொள்கின்றன. தியேட்டரில் ஒரு வரிசை ஹவுஸ்ஃபுல், ஒரே ஒரு சீட் காலி. பக்கத்தில் இருப்பவர் அதில் நகர்ந்து உட்கார, அவர் சீட்டில் அடுத்தவர் உட்கார, ஆட்கள் ஒரு பக்கம் நகர்கிறார்கள், காலி சீட் எதிர்ப்பக்கம் நகர்கிறது. அந்தக் காலி சீட்டுக்குப் பெயர் துளை.

அணு விட்டு அணு தாவும் எலெக்ட்ரான் என்று யோசித்த ஹால் ஒரு விதத்தில் பக்கத்து வரிசை வரைக்கும் வந்திருந்தார் என்றே தோன்றுகிறது. ஆனா அந்த வரிசைக்குள் நுழைவதற்கான கணிதம் அவர் தலைமுறையின் கையில் இல்லை. அவர் தன் பழைய கொள்கையையே தொடர்ந்து செதுக்கி, 1938-ல் உலோகங்களில் மின்கடத்தல் பற்றிய புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில், 83 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய வருடம் பிசிக்ஸ் கற்பித்தலுக்காக ஓர்ஸ்டெட் பதக்கம் கிடைத்திருந்தது. நோபல் கிடைக்கவில்லை.

அவர் போன பிறகு

ஹால் உயிரோடு இருந்தவரை அந்த விளைவால் பெரிய தொழில் எதுவும் உருவாகவில்லை. உலோகத்தில் அது அவ்வளவு சின்னது. ஆட்டத்தை மாற்றியவை குறைக்கடத்திகள். ஜெர்மேனியம், சிலிக்கான் போன்றவற்றில் ஓடும் எலெக்ட்ரான்கள் தாமிரத்தைவிடப் பல லட்சம் மடங்கு குறைவு. ஆள் குறைந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் ஹால் மின்னழுத்தம் கூடும், தங்கத்தாளில் பார்த்த அதே கணக்குதான். 1947-ல் டிரான்சிஸ்டர் வந்த பிறகு, ஒரு படிகத்தில் ஓடுவது எலெக்ட்ரானா துளையா, எத்தனை ஓடுகிறது என்று கண்டுபிடிக்க ஹால் அளவீடு அன்றாட டெஸ்ட் ஆனது. கல்லூரி லேபில் ஜெர்மேனியம் துண்டை வைத்து எடுத்த ரீடிங் அதுதான். இண்டியம் ஆண்டிமனைடு, இண்டியம் ஆர்சனைடு மாதிரிப் பொருட்களும் சிலிக்கான் சிப்பும் சேர்ந்து ஹால் சென்சாரை மலிவாக்கின. தொடாமலே, தேயாமலே காந்தம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவி என்பதால் போன், பைக், மோட்டார் என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டது.

1980 பிப்ரவரியில், பிரான்ஸின் கிரெனோபிளில் கிளாஸ் ஃபான் கிளிட்சிங் ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டரைக் கடுங்குளிரில், மிக வலுவான காந்தப்புலத்தில் வைத்து அளந்தார். ஹால் மின்தடை நேராக ஏறாமல் படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படியும் 25,812.807 ஓம் என்ற எண்ணை 1, 2, 3 என முழு எண்களால் வகுத்த மதிப்பு. எந்தக் கம்பெனி சிப், எவ்வளவு அழுக்கு என்பது பற்றி அந்த எண்ணுக்குக் கவலை இல்லை. 1985-ல் இதற்கு நோபல், 1998-ல் இதன் அடுத்த கட்டமான பின்ன குவாண்டம் ஹால் விளைவுக்கு இன்னொரு நோபல். உலகின் மின்தடை அளவே இப்போது இதை வைத்துத்தான் நிர்ணயிக்கப்படுகிறது.

இரும்பில் ஹால் பார்த்த அந்தப் பல மடங்கு பெரிய விலகல்? அது துளைக் கணக்கிலும் அடங்கவில்லை. இரும்பின் சொந்தக் காந்தத்தன்மையால் வருவது. 'முரண் ஹால் விளைவு' என்று தனிப் பெயர் வைத்து, அதற்கான விளக்கத்தை இந்த நூற்றாண்டு வரை விவாதித்தார்கள். 2013-ல் சீன விஞ்ஞானிகள் அதன் குவாண்டம் வடிவத்தையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிட்டார்கள், வெளியே எந்தக் காந்தப்புலமும் இல்லாமலே.