தமிழ்த்தூதர் தனிநாயகம் அடிகளார்

1950-களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா வளாகத்தில் இயங்கி வந்தது. அங்கு இந்திய இயல் துறையைத் தொடங்கத் திட்டமிட்டபோது ஒரு கேள்வி எழுந்தது. அத்துறையில் முதலிடம் பெற வேண்டிய மொழி தமிழா, சமஸ்கிருதமா? சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாழ்ந்த இந்தியர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். எனவே, தமிழுக்கே முதலிடம் தர வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. வணிகர்களும் தொழிலாளர்களும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். 1956-இல் அத்துறை தமிழுக்கு இடமளித்துத் தொடங்கப்பட்டது. பின்னர் அது கோலாலம்பூருக்கு மாறியது.

மக்களின் ஆதரவால் வலுப்பெற்ற அந்தத் துறைக்கு 1961-இல் ஒரு கத்தோலிக்கக் குரு தலைவராக வந்தார். அவர்தாம் தனிநாயகம் அடிகளார். பிற்காலத்தில் உலகமெங்கும் தமிழின் பெருமையை எடுத்துரைத்த அவர், தமிழ் இலக்கியத்தை ஆழ்ந்து கற்கத் தொடங்கியதே இளமைப் பருவத்தைக் கடந்த பிறகுதான்.

அடிகளார் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் இலங்கையின் வடக்கே உள்ள ஊர்காவற்றுறைப் பகுதியில், கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் சேவியர். ‘தனிநாயகம்’ என்பது அவருடைய முன்னோர் ஒருவரின் பெயர். பிற்காலத்தில் அதையே அவர் தம் பெயராக ஏற்றுக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் அவர் பயின்றார். அங்கு அயர்லாந்திலிருந்து வந்த குருமார் பலர் கற்பித்தனர். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. பின்னர்க் குருவாகும் விருப்பத்துடன் கொழும்பிலும் உரோமாபுரியிலும் சமயக் கல்வி கற்றார். 1938-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் பண்டைக் காலத்தில் வாழ்ந்த கிறித்துவக் குருமாரைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் எனப் பல ஐரோப்பிய மொழிகள் அவருக்குக் கைவந்தன.

1940-ஆம் ஆண்டு அவர் தமிழ்நாட்டிற்கு வந்து, திருநெல்வேலிப் பகுதியில் உள்ள வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். அங்குதான் தம் குறையை அவர் முழுமையாக உணர்ந்தார். பிற மக்களின் மொழிகளில் இலக்கியங்களைப் படிக்க முடிந்த அவரால், தம் தாய்மொழியின் பழைய இலக்கியங்களைப் படித்துச் சுவைக்க இயலவில்லை. ஆகவே, அவ்வூரில் ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார்.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32. முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் மீண்டும் மாணவராக வகுப்பில் அமர்ந்தார்! தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றபின், சங்கப் பாடல்களில் இயற்கை இடம்பெறும் முறையை ஆராய்ந்தார். கிரேக்க, இலத்தீன் கவிதைகளை அறிந்திருந்ததால், அவற்றோடு சங்கப் பாடல்களை ஒப்பிட்டுக் காட்ட அவரால் முடிந்தது.

தமிழின் வளத்தை உணர்ந்த அவருக்கு ஒரு கவலை ஏற்பட்டது. இந்தியா என்றால் சமஸ்கிருதம் மட்டுமே என்று வெளிநாட்டு அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். தமிழைப் பற்றி அவர்கள் அறிந்துகொள்ள அவர்களுக்குப் புரியும் மொழியில் நூல்கள் மிகக் குறைவு. ஆகவே, 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். ஜப்பான், அமெரிக்கா, தென்னமெரிக்க நாடுகள் எனப் பல இடங்களுக்குச் சென்று தமிழைப் பற்றி உரையாற்றினார்.

வரலாற்று ஆய்வில் அவர் பெற்ற பயிற்சியும் தமிழுக்குப் பயன்பட்டது. ஐரோப்பிய நூலகங்களில் மறந்து கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களை அவர் தேடிச் சென்றார். 1554-இல் லிஸ்பன் நகரில், உரோமன் எழுத்துகளில் தமிழ் அச்சிடப்பட்ட ஒரு சமய நூல் வெளிவந்திருந்தது. அந்நூலைப் பற்றி அவர் அறிஞர்களுக்கு எடுத்துரைத்தார். அந்தாம் தெ புரவென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679-இல் அச்சாகியிருந்தது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியைக் கண்டு, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். இத்தகைய முயற்சிகளால் தமிழ் அச்சுக்கலையின் தொன்மை வெளியுலகிற்குத் தெரியவந்தது.

எனினும், ஒருவர் எவ்வளவு உழைத்தாலும் போதாது என்பதை அடிகளார் அறிந்திருந்தார். பல நாடுகளில் தனித்தனியே தமிழை ஆராய்ந்தவர்களை ஒன்றிணைக்க அவர் விரும்பினார். 1964-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், புதுடில்லியில் கீழைத்தேயவியல் அறிஞர்களின் மாநாடு நடந்துகொண்டிருந்த வேளையில், அவரும் வேறு சில அறிஞர்களும் கூடி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினர். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா அதன் தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் பொதுச் செயலாளர்களாகப் பொறுப்பேற்றனர்.

மன்றத்தின் முதல் மாநாடு எங்கே நடந்தது தெரியுமா? தமிழ்நாட்டிலும் அன்று; இலங்கையிலும் அன்று. 1966 ஏப்ரல் மாதத்தில் கோலாலம்பூரில்தான் நடந்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதைத் தொடங்கி வைத்தார். கடல் கடந்து வந்து பிழைத்தவர்களின் மொழி, பல நாட்டு அறிஞர்கள் கூடி ஆராயும் மொழியாக அவர்கள் வாழ்ந்த மண்ணிலேயே மதிக்கப்பட்டது. அடுத்தடுத்த மாநாடுகள் 1968-இல் சென்னையிலும் 1970-இல் பாரிசிலும் 1974-இல் யாழ்ப்பாணத்திலும் நடைபெற்றன.

1969-இல் மலாயாப் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகிய அடிகளார், தம் இறுதிக் காலத்தை இலங்கையில் கழித்தார். 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் காலமானார். அடுத்த நான்கு மாதங்களில், ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தது. அவர் மறைந்த பின்னும் அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை.

இன்று சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்று. லிட்டில் இந்தியாவின் தெருக்களில் தமிழைக் கேட்கிறோம். பள்ளிகளில் தமிழைப் படிக்கிறோம். தமிழில் தமக்கிருந்த குறையை அடிகளார் மறைக்கவில்லை. அதைக் கண்டு வெட்கி ஒதுங்கவும் இல்லை. முப்பது வயதைத் தாண்டிய பின்னும் மாணவராக அமர்ந்து அக்குறையைப் போக்கிக்கொண்டார். அவர் தமிழுக்கு ஆற்றிய பெருந்தொண்டுகள் எல்லாம் அந்த வகுப்பறைக்குப் பிறகு வந்தவையே.