வழக்காறுகளில் வரலாறு கண்டவர்

நுழையும்முன்

நாம் ஏற்றும் கார்த்திகை விளக்குக்கும் ஊர் எல்லையில் நிற்கும் அம்மனுக்கும் ஒரு வரலாறு உண்டா? உண்டெனில் அதனை எழுதியவர் யார்? ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இவ்வினாக்களை எழுப்பியவர் அயோத்திதாசப் பண்டிதர்.

இளமையும் கல்வியும்

அயோத்திதாசர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். அது நாட்டார் தெய்வம் ஒன்றின் பெயர். தமிழும் சித்த மருத்துவமும் கற்றுத் தந்த ஆசிரியர்மீது கொண்ட பற்றினால், அவர் பெயரையே தம் பெயராக ஏற்றார். ஆங்கிலம், வடமொழி, பாலி ஆகிய மொழிகளிலும் தேர்ச்சி பெற்றார். சித்த மருத்துவராகவும் பணியாற்றினார். ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைகளுக்காக 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார்.

பௌத்தம் நோக்கி

சபைகளில் வைத்த கோரிக்கைகள் மட்டும் சாதி இழிவைப் போக்கிவிடவில்லை. ஒடுக்கப்பட்டோர் தொடக்கம் முதலே தாழ்ந்தவர்கள் என்னும் கருத்தை முறியடிக்க வேண்டும் என்று அவர் கருதினார். அம்மக்கள் பண்டைத் தமிழ்ப் பௌத்தர்கள் என்றும், சமயப் பகையே அவர்களைத் தாழ்த்தியது என்றும் அவர் முடிவு செய்தார். 1898இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட்டின் துணையுடன் இலங்கைக்குச் சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். அதே ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயல், இரங்கூன் முதலிய இடங்களிலும் அதன் கிளைகள் தோன்றின.

வழிபாட்டின் வேர்கள்

1907 சூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை வெளியிட்டார். மறு ஆண்டு அது ‘தமிழன்’ எனப் பெயர் மாறியது. நிகண்டுகள், மணிமேகலை, வீரசோழியம், மக்களின் வாய்மொழி வழக்குகள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, பண்டிகைகளுக்கும் தெய்வங்களுக்கும் அவ்விதழில் புதிய விளக்கம் தந்தார். தீபாவளி, எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கற்றதன் நினைவு. கார்த்திகை, ஆமணக்கு நெய்யால் விளக்கேற்றியதன் நினைவு. அம்மன், மக்களின் நோய் தீர்த்த அம்பிகை என்னும் பௌத்தப் பிக்குணி என்பன அவர்தம் கருத்துகள். அவர் பார்வையில் திருவிழா என்பது அசுரனைக் கொன்ற வெற்றியின் கொண்டாட்டமன்று. மனிதர் உழைத்துக் கண்ட அறிவின் கொண்டாட்டம். திருக்குறளையும் திரிபிடகத்தோடு இணைத்துத் ‘திரிக்குறள்’ என்றே வழங்கினார்.

அவருடைய சொல்லாராய்ச்சி முடிவுகள் அனைத்தையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. எனினும், மக்கள் வழிபாட்டுக்குள் பழைய சமயத் தடங்கள் மறைந்திருக்கும் என்னும் அவர் அணுகுமுறை வலுவானது. சேலம் மாவட்டம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்ட சிலை புத்தருடையது எனத் தொல்லியல் துறை கண்டறிந்ததும், 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்றதும் இங்கு எண்ணத்தக்கன.

நிறைவாக

1914 மே 5இல் அயோத்திதாசர் மறைந்தார். ‘தமிழன்’ இதழ்க் கட்டுரைகள் பல்லாண்டுகளுக்குப் பின்னரே தொகுக்கப்பட்டுப் பரவலான வாசிப்புக்கு வந்தன. 2005இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. வரலாறு ஏட்டில் மட்டும் இல்லை. எளிய மக்களின் விளக்கிலும் விழாவிலும் வழிபாட்டிலும் அது வாழ்கிறது. தம் வரலாற்றைத் தாமே எழுதும் உரிமை அம்மக்களுக்கு உண்டு என்பதே அவர் விட்டுச்சென்ற செல்வம்.