சிறு காமிரா கண்ட ஆஸ்கார் பர்னாக்

ஒரு நகரத்தை இரண்டே நாளில் கண்டு திரும்பும் பயணி ஒருவர், கடைத்தெருவிலும் ஆற்றங்கரையிலும் நடந்துகொண்டே நூறு படங்கள் எடுத்துவிடுகின்றார். அவரை நின்று நோக்குவார் ஒருவரும் இலர். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகட்கு முன் இஃது எளிதாக இயலும் செயலன்று. நல்ல நிழற்படம் வேண்டுவோர் அந்நாளில் பெரிய மரப்பெட்டியையும், அதனை நிறுத்தும் முக்காலியையும், கனத்த கண்ணாடித் தகடுகளையும் சுமந்து சென்றனர். அவர் முக்காலியை நிறுத்துமுன்னரே தெருவிலுள்ளார் கூடிவிடுவர். எடுக்கக் கருதிய காட்சியோ கலைந்துவிடும். அச்சுமையைத் தாங்க மாட்டாது வருந்திய ஒருவரே அதனை இறக்கிவைக்கும் வழியையும் கண்டார். அவர்தாம் ஆஸ்கார் பர்னாக் என்பவர்.

பர்னாக் ஜெர்மனியில், பிராண்டன்பர்க் பகுதியைச் சார்ந்த லீனோ எனும் சிற்றூரில் 1879ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் பிறந்தார். இளமையில், பெர்லினை அடுத்த ஒரு தொழிற்கூடத்தில் வானநூற் கருவிகள் செய்வாரிடம் அமர்ந்து கம்மியத் தொழில் பயின்றார். மயிரிழையளவு பிழை நேரினும் அத்தகைய கருவி பயன்படாது போகும். ஆதலின் நுண்மை என்பது அவர் கைக்கு இயல்பாகவே படிந்தது. 1902இல் யேனா நகரத்தில் கண்ணாடி வில்லைகளுக்குப் பெயர்பெற்ற கார்ல் சைஸ் தொழிலகத்தில் சேர்ந்தார்.

தூரிங்கிய மலைக்காடு யேனாவிலிருந்து எளிதிற் சென்றடையத்தக்கது. ஞாயிறுதோறும் அக்காட்டிற்குச் சென்று நிழற்படம் எடுப்பது பர்னாக்குக்குப் பெருவிருப்பம். ஆனால், அவர் ஈளை எனப்படும் மூச்சிரைப்பு நோயினர். அவருடைய காமிராவோ 13 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் நீளமும் உடைய தகடுகளை ஏற்பது. அதனையும், தகடுகள் நிறைந்த தோற்பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்பொழுது, பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியவராயினார். வேறொருவராயின் அவ்விருப்பத்தையே விட்டொழித்திருப்பர். பர்னாக் அது செய்திலர். பெரிய படம் வேண்டுமாயின் பெரிய தகடுதான் வேண்டுமா? சிறியதாக எடுத்துப் பின்னர்ப் பெரிதாக்கிக்கொண்டால் என்ன? இவ்வினா 1905ஆம் ஆண்டளவில் அவர் உள்ளத்தில் எழுந்தது.

ஒரே தகட்டில் பதினைந்து, இருபது சிறு படங்களை எடுத்துப் பார்த்தார். அவற்றைப் பெரிதாக்கியபொழுது மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றின, உருவம் தெளிவுபடவில்லை. அம்முயற்சி அங்ஙனமே நின்றது.

சைஸ் தொழிலகத்தில் உடன் பணிபுரிந்த எமில் மெக்காவ் என்பவர் வெட்ஸ்லார் நகரத்திலுள்ள லைட்ஸ் தொழிலகத்திற்குச் சென்றிருந்தார். அவர் எடுத்துரைத்ததன் பேரில் பர்னாக்கும் 1911இல் அங்குப் போய்ச் சேர்ந்தார். லைட்ஸ் நிறுவனம் நுண்ணோக்கிகள் செய்வது. காமிராவுக்கும் அதற்கும் அந்நாளில் பெரிய தொடர்பில்லை. எனினும், அங்கே திரைப்படச் சுருளைப் பற்றிய ஆய்வு பர்னாக்கின் கைக்கு வந்தது. பழைய வினாவிற்கு விடை அச்சுருளில் இருந்தது. சுருளின் அகலம் 35 மில்லிமீட்டர். திரைப்படத்தின் ஒவ்வொரு படமும் 18 மில்லிமீட்டர் உயரமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பர்னாக் சுருளைக் கிடையாக ஓடவிட்டு, அப்படம் இரண்டு கொள்ளும் இடத்தை ஒரே படத்திற்கு ஒதுக்கினார். இவ்வாறு 24-க்கு 36 மில்லிமீட்டர் என்னும் அளவு அமைந்தது. சிறு காமிரா செய்ய முயன்றவர் அவர் ஒருவரே அல்லர். பிற நாடுகளிலும் சிலர் அதே சுருளைக்கொண்டு முயன்றனர். அளவை இரட்டித்ததோடு, மூலப்படம் சிறுத்தமையால் வரும் குறையைத் துல்லியமான வேலைப்பாட்டினால் ஈடுசெய்ததே இவருடைய தனிச்சிறப்பு என்று கருதலாம்.

1914ஆம் ஆண்டளவில் முதற்கருவி உருவாயிற்று. உலோகத்தாலான அக்கருவி ஒரு கையில் அடங்கியது. சுருளை அடுத்த படத்திற்கு நகர்த்தும் குமிழே திரையையும் முடுக்கி வைத்தது. ஆதலின் ஒரு படத்தின்மேல் மற்றொரு படம் விழுதற்கு இடமில்லை. குறையும் ஒன்று உண்டு. முடுக்கும்பொழுது வெளிச்சம் உட்புகாவாறு வில்லையை மூடியால் மறைத்தல் வேண்டும். மறந்தால் சுருள் கெடும்.

அவ்வாண்டிலேயே நிறுவனத்தலைவரின் மகன் எர்ன்ஸ்ட் லைட்ஸ் அமெரிக்கா சென்றபொழுது, இவ்வகைக் கருவி ஒன்றை உடன்கொண்டு சென்றார். நியூயார்க் நகரத்தின் தெருக்களை அதனால் படமெடுத்தார். அலுவலை நாடி அயல் நகரம் சென்ற ஒருவர், முக்காலியுமின்றி, உதவியாளுமின்றித் தாம் கண்டவற்றைச் சிறு சுருளில் பதித்துத் திரும்பியமை, இக்கருவிக்கு நல்லதொரு தேர்வாயிற்று. ஆனால் ஆகஸ்டுத் திங்களில் உலகப்போர் மூண்டது. படைதிரட்டும் ஆணை வெட்ஸ்லாரில் ஒட்டப்பெற்ற காட்சியைப் பர்னாக் தம் சிறு காமிராவினால் எடுத்துவைத்தார். அதன்பின் தொழிலகம் போர்ப்பணிக்குத் திரும்ப, காமிரா வேலை பல்லாண்டு ஒதுங்கிக் கிடந்தது.

1920இல் வெட்ஸ்லாரில் லான் ஆறு பெருக்கெடுத்துத் தெருக்களுட் புகுந்தது. பர்னாக் கருவியுடன் வெளியே சென்று, நீர் சூழ்ந்த தெருக்களையும் வீடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுத்தார். மாணவர்களே, பெரும் பெட்டியும் முக்காலியும் கொண்டு வெள்ளத்தினிடையே நின்று இவ்வாறு தொடர்ந்து எடுத்தல் இயலுமோ என்று எண்ணிப் பாருங்கள்.

போருக்குப்பின் ஜெர்மனியில் பணம் மதிப்பிழந்தது. 1923இல் மக்கள் கூடை நிறையப் பணத்தாள் கொண்டுசென்றும் சிறு பொருளே வாங்கினர். நுண்ணோக்கி வாணிகம் தளர்ந்தது. தந்தைக்குப்பின் தலைமையேற்றிருந்த எர்ன்ஸ்ட் லைட்ஸ், தொழிலாளர்க்கு வேலை இல்லாது போகுமே என்று கவன்றார். சோதனைக் காமிராக்கள் சில செய்து பலரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கப்பட்டது. பெருந்தகட்டில் பழகியவர்க்கு இது விளையாட்டுப் பொருளாகத் தோன்றியது; ஆலோசகர் பலரும் ஐயுற்றனர். 1924ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நெடுநேரம் ஆராய்ந்தபின், இழப்பு வரினும் வருக என்று துணிந்து, லைட்ஸ் காமிரா செய்ய முடிவு கூறினார். முடிவு பிழைத்திருக்குமாயின் தொழிலாளர் குடும்பங்கள் பல வருந்தியிருக்கும். அத்துணிவைச் சிறிதென்று சொல்வதற்கில்லை.

மாக்ஸ் பெரெக் என்னும் அறிஞர் 50 மில்லிமீட்டர் வில்லையை வகுத்துத் தந்தார். முடுக்கும்பொழுது மூடி வேண்டாதவாறு பர்னாக் திரையைத் திருத்தினார். லைட்ஸ் காமிரா என்பதைச் சுருக்கி லைக்கா எனப் பெயரிட்டு, 1925இல் லைப்சிக் சந்தையில் விற்பனைக்கு வைத்தனர். விரைவிலேயே அது நகரத் தெருக்களில் உலவுவார்க்குத் துணையாயிற்று. மாஸ்கோவில் ரோட்செங்கோ 1928இல் அதனை வாங்கினார். பாரிசில் கார்த்தியே-பிரசோன் 1932இல் பலகை வேலியின் இடுக்கில் அதன் வில்லையை நுழைத்து, தேங்கிய நீரைத் தாண்டும் ஒரு மனிதரை அவர் கால் நீரைத் தொடுமுன் பதிவு செய்தார்.

அவ்வாண்டிலேயே தொலைவு காணும் அமைப்புடன் கூடிய இரண்டாம் லைக்கா வெளிவந்தது. பர்னாக் இறுதிவரை திருத்த வேலையிலேயே ஈடுபட்டிருந்தார். 1936ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவர் மறைந்தபொழுது அவருக்கு வயது 56. அவர் கையாண்ட 105ஆம் எண்ணுடைய சோதனைக் காமிரா 2022இல் வெட்ஸ்லாரில் ஏலத்திற்கு வந்து, 1 கோடியே 40 இலட்சம் யூரோவுக்கும் மிகுதியான விலைக்குப் போயிற்று. அதன் காட்சி காணும் சிறு குழலின்மேல் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.