நோய்ப் படுக்கையில் ஒரு பள்ளிக்கூடம்

குழந்தைகளே! மந்திரவாதிக் கதை என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசைதானே? கருக்களாச்சேரியில் நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, 'அம்புலிமாமா' புத்தகம் ஊரில் ஒரு வீட்டுக்கு வந்தால் போதும். பத்து வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்துப் படிப்போம். அந்த இதழை உருவாக்கியவர் கதை தெரியுமா?

அவர் பெயர் சக்கரபாணி. ஆந்திராவில் தெனாலி அருகே 1908-இல் பிறந்தார். இயற்பெயர் ஆலூரி வெங்கட சுப்பாராவ். சக்கரபாணி என்பது புனைபெயர்.

இளம் வயதிலேயே அவரைக் காசநோய் தாக்கியது. அந்தக் காலத்தில் அதற்குச் சரியான மருந்து கிடையாது. நல்ல காற்று, சத்தான உணவு, முழு ஓய்வு, இவைதாம் சிகிச்சை. பிழைப்பது நிச்சயமில்லை. மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். வேறு யாராக இருந்தாலும் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள். சக்கரபாணியோ, உடனிருந்த வங்காள நோயாளியிடம் வங்க மொழி கற்றார்! குணமாகி வந்ததும் சரத் சந்திரரின் நாவல்களைத் தெலுங்கில் மொழிபெயர்த்துப் புகழ் பெற்றார்.

அச்சகம் நடத்திய நாகிரெட்டி அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்பு, சென்னையிலிருந்து சிறுவர் இதழைத் தொடங்கினார்கள். தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. பிறகு பல மொழிகளிலும் அது வந்தது. விக்கிரமனும் வேதாளமும் மாதந்தோறும் வீடு தேடி வந்தார்கள்.

நண்பர்கள் இருவரும் 1951-இல் 'பாதாள பைரவி' படத்தையும் தயாரித்தார்கள். தோட்டக்காரப் பெண்ணின் மகன் ராமன். அவனைப் பலி கொடுத்துப் பெரும் சக்தி பெற நினைக்கிறான் ஒரு மந்திரவாதி. ராமனிடம் மந்திரம் இல்லை. துணிச்சலும் புத்தியும் மட்டுமே உண்டு. அவைதாம் அவனைக் காப்பாற்றுகின்றன.

யோசித்துப் பாருங்கள். சக்கரபாணியின் வாழ்க்கையிலும் நோய் என்ற மந்திரவாதி வந்தான். அவர் பயந்து ஒடுங்காமல், படுக்கையையே பள்ளிக்கூடமாக்கிக் கொண்டார்.

சக்கரபாணி 1975-இல் மறைந்தார். 'அம்புலிமாமா'வும் இப்போது வெளிவருவதில்லை. ஆனால், காய்ச்சலோ காலில் கட்டோ உங்களை வீட்டில் உட்கார வைத்தால், அவரை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்குங்கள். செய்வீர்கள்தானே?