காற்றை ஆண்டவர்

பயிர் செழிக்க உரம் தந்தவரும் போர்க்களத்தில் நச்சுக்காற்றைப் பரப்பியவரும் ஒருவரே. அவர் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர். 1868ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் பிரெஸ்லா நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அவர்தம் தந்தை சாயப்பொருள் வணிகர்.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே. ஆயினும் பெரும்பாலான பயிர்கள் அதனை நேரே பெற இயலாது. எனவே, ஐரோப்பிய வேளாண்மை சிலி நாட்டு வெடியுப்பை நம்பியிருந்தது. 1909இல் ஹேபர் உயர் அழுத்தத்தில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அம்முறையை ஆலைக்கு உரியதாக வளர்த்தார். உரம் பெருகியது, உணவும் பெருகியது. முதல் உலகப்போரில் அதே அம்மோனியா வெடிமருந்துக்கும் மூலப்பொருளாயிற்று.

அப்போரில் வீரர்கள் பதுங்குகுழிகளில் மறைந்து பொருதனர். துப்பாக்கிக்குண்டு அவர்களை எளிதில் எட்டவில்லை. காற்றினும் கனமான குளோரின் குழிக்குள் இறங்கும் என்பதை ஹேபர் அறிந்திருந்தார். நச்சுக்காற்றைப் பரப்பும் எறிகுண்டுகளைப் பயன்படுத்துவதில்லை என 1899இல் தி ஹேக் நகரில் நாடுகள் பல உறுதி ஏற்றிருந்தன. ஹேபரின் முறையில் எறிகுண்டு இல்லை. உருளைகளைத் திறந்து, காற்று வீசும் திசையில் நஞ்சைப் பரவவிடுவதே அம்முறை. உறுதிமொழியின் சொல் தப்பியது, பொருள் அழிந்தது. 1915 ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்ரே நகருக்கு அருகில் 5,000க்கும் மேற்பட்ட உருளைகள் திறக்கப்பட்டன. எதிர்த்து நிற்போரை வாளும் வேலும் தாக்கிய காலம் போய், மூச்சே பகையாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் படையும் குளோரினை ஏவியது.

வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர்தம் மனைவி கிளாரா, மே 2ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அத்துயரின் ஈரம் காயுமுன் ஹேபர் கிழக்குப் போர்முனைக்குச் சென்றார். தாய்நாட்டுக்கு வெற்றி தேடுவதே போர்க்காலத்தில் அறிஞனின் கடமை என்பது அவர் கொள்கை.

அம்மோனியா ஆக்கத்திற்காக 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. நச்சுப்போரை முன்னின்று நடத்தியவருக்குப் பரிசா எனப் பிற நாட்டு அறிஞர் சிலர் வெகுண்டனர். 1925இல் ஜெனீவா உடன்படிக்கை போரில் நச்சுக்காற்றைத் தடைசெய்தது.

1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள், ஹேபரின் ஆய்வு நிறுவனத்திலிருந்த யூதர்களை நீக்க ஆணையிட்டனர். அதற்கு இசையாது பதவி துறந்த அவர், நாட்டைவிட்டு வெளியேறினார்; 1934 ஜனவரி 29ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மறைந்தார். அவரது நிறுவனத்தின் பூச்சிக்கொல்லி ஆய்வுவழி வந்த நச்சுப்பொருளைக் கொண்டே நாஜிகள் பின்னாளில் யூதர்களைக் கொன்றனர். மாண்டோருள் அவர்தம் உறவினரும் இருந்தனர்.

வேதி ஆயுதங்களை ஆக்குதலையும் சேர்த்துவைத்தலையும் விலக்கும் உலக உடன்படிக்கை 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஈப்ரேவில் உருளைகள் திறக்கப்பட்டு அப்போது 82 ஆண்டுகள் கடந்திருந்தன. சட்டம் அத்துணைக் காலம் தாழ்த்தலாம். ஆய்வுக்கூடத்தில் நிற்பவர் அவ்வாறு தாழ்த்த இயலாது. தம் கண்டுபிடிப்பு எதற்குப் பயன்படும் என்னும் வினாவை அவரே முதலில் எதிர்கொள்ள வேண்டும்.