போப்பையர்

கோவிற்பட்டி, நாகலாபுரம் முதலிய ஊர்கள் விளங்கும் கரிசற் பூமிக்குத் தெற்கே, தூத்துக்குடிக்கு அண்மையில் சாயர்புரம் என்னும் சிற்றூர் உள்ளது. ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர், கடல் கடந்து வந்த இளைஞர் ஒருவர் அவ்வூரில் தமிழ்ச் சிறுவர்க்குக் கல்வி புகட்டி வந்தார். அவரே ஜி. யு. போப். தமிழ் மக்கள் அவரைப் போப்பையர் என்று அன்புடன் வழங்கினர்.

போப்பையரின் குடும்பமே கடலோடு உறவு பூண்ட குடும்பம். அவருடைய தந்தையார் ஜான் போப், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலைச் சேர்ந்தவர். தாயார் கேதரின் யூக்ளோ. ஜான் 1818ஆம் ஆண்டில் தாயகத்தைத் துறந்து, இன்று கனடா நாட்டில் அடங்கியுள்ள பிரின்ஸ் எட்வர்டு தீவிற் குடியேறினார். அக்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கப் பாய்மரக் கப்பல்களையே மக்கள் நம்பியிருந்தனர். காற்று உதவினால் சில வாரங்களிற் கரை காணலாம். காற்று மாறினாலோ பயணம் நீளும், குடிநீரும் உணவும் குறையும். புறப்பட்டவர் மீண்டும் தம் ஊரைக் காண்பது உறுதியன்று.

அத்தீவில் 1820ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 24ஆம் நாள் போப்பையர் பிறந்தார். குடியேறிய மண்ணிலும் அக்குடும்பம் நிலைத்திருக்கவில்லை. 1826ஆம் ஆண்டில் அது மீண்டும் இங்கிலாந்து திரும்பிப் பிளிமத் துறைமுகத்தில் வாழலாயிற்று. இங்ஙனம் ஆறு வயதிற்குள்ளாகவே பெருங்கடலைக் கடந்தவர் போப்பையர்.

சமயப் பணி புரியும் விருப்பம் அவருக்கு இளமையிலேயே தோன்றியது. புறப்படுமுன்பே தமிழ் கற்கத் தொடங்கினார். 1839ஆம் ஆண்டில் தம் பத்தொன்பதாம் வயதில் சென்னை வந்தடைந்தார். சூயசுக் கால்வாய் அப்பொழுது இல்லை. அது திறக்கப்பட்டது 1869ஆம் ஆண்டில். ஆகவே, கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வந்தன.

தந்தையார் புதுநிலம் நாடிச் சென்றார். மைந்தரோ புதுமொழியையே தமக்கு நிலமாகக் கொண்டார். இராமாநுசக் கவிராயரிடம் தமிழ் பயின்றார். சாயர்புரத்திற் கல்விநிலையம் நிறுவினார். அங்குப் பணியாற்றிய காலத்தில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. 1845ஆம் ஆண்டில் அவருடைய மனைவியார் தூத்துக்குடியிற் காலமானார். உற்றார் உறவினர் கடலுக்கு அப்பால் இருந்தனர். எனினும், அவர் தமிழைக் கைவிட்டாரல்லர். பின்னர்த் தஞ்சை, உதகை, பெங்களூர் ஆகிய ஊர்களிலும் பணிபுரிந்தார். தமிழ் கற்போர்க்கு உதவும் இலக்கண நூல்களை இயற்றினார்.

முதுமையில் இங்கிலாந்து திரும்பியும் அவர் ஓய்வை நாடவில்லை. 1884ஆம் ஆண்டு முதல் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்புகளுள் திருக்குறள் 1886இலும், நாலடியார் 1893இலும், திருவாசகம் 1900இலும் வெளிவந்தன. திருவாசகம் வெளிவந்தபோது அவருக்கு அகவை எண்பது. 1908ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கடல் கடந்து செல்வோர் பலர். பொருளீட்டித் திரும்புவோரும் பலர். போப்பையர் ஈட்டிச் சென்ற செல்வம் தமிழ். அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, உலகோர் அனைவர்க்கும் பகிர்ந்தளித்தார். பிற மண்ணிற் பிறந்த ஒருவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தமிழுக்கு உழைத்தாரெனின், அம்மொழியைத் தாய்மொழியாகப் பெற்ற நாம் ஆற்ற வேண்டிய கடமை எத்துணைப் பெரிது!