மெழுகுவர்த்தி ஒளியில் ஒரு கணித மேதை

பாரிஸ் மாநகரில் பட்டு வணிகம் செய்துவந்த செல்வர் ஒருவரின் இல்லத்தில், 1776ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் பிறந்தவர் சோஃபி ஜெர்மேன் அம்மையார். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. தெருவில் கால் வைக்கவே அஞ்சிய காலம் அது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த சிறுமி, தந்தையின் நூலகத்தில் கணித வரலாறு ஒன்றை எடுத்துப் புரட்டினாள். எதிரிப் படைவீரன் அருகில் வந்து நிற்பதையும் உணராமல், தாம் வரைந்த வடிவங்களில் மூழ்கியிருந்து உயிரிழந்த ஆர்க்கிமிடீஸின் கதை அதில் இருந்தது. உயிரையும் மறக்கச் செய்யும் அந்தக் கணிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட அவள் துணிந்தாள்.

பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று எண்ணிய காலம். (நம் ஊர்களிலும் இந்தப் பேச்சு நெடுநாள் கேட்டதுதானே!) இரவில் அவள் எழுந்து படிப்பதை அறிந்து, அறையின் கணப்பை அணைத்தார்கள், கதகதப்பான உடைகளை எடுத்துப் போனார்கள், விளக்கையும் பறித்துக்கொண்டார்கள். சோஃபியோ ஒளித்து வைத்திருந்த மெழுகுவர்த்திகளை ஏற்றி, போர்வையைச் சுற்றிக்கொண்டு படித்தாள். ஒருநாள் காலை மைக்கூட்டில் மை உறைந்து கிடக்க, மேசைமேல் தலை சாய்த்து அவள் உறங்குவதைக் கண்ட பிறகுதான் அவர்கள் மனம் இளகியது. பிற்காலத்தில் மணம் புரியாது ஆராய்ச்சியிலேயே வாழ்ந்த மகளை, தந்தையே பொருளுதவி செய்து தாங்கினார்.

1794இல் பாரிஸில் புதிய பொறியியற் கல்லூரி திறக்கப்பட்டது. பெண்களுக்கு அங்கே இடமில்லை. சோஃபி, விரிவுரைக் குறிப்புகளை எப்படியோ பெற்றுப் படித்து, லெப்லான் என்ற மாணவனின் பெயரில் விடைகளை எழுதி அனுப்பினார். அவற்றின் அருமையைக் கண்ட பேராசிரியர் லக்ராஞ்சு அந்த மாணவனைத் தேடினார். உண்மை தெரிந்தபோது அவர் சினம் கொள்ளவில்லை, வியந்து பாராட்டினார்.

அம்மையாரின் உள்ளத்தைக் கவர்ந்தவை முழு எண்கள். மாணவியரே, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1ஐ விடப் பெரிய ஏதாவது ஓர் எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கி, 4ஐக் கூட்டுங்கள். 3 என்றால் 81உம் 4உம் 85; அது 5 பெருக்கல் 17. 5 என்றால் 629. அது 17 பெருக்கல் 37. எந்த எண்ணை எடுத்தாலும் விடை பகா எண்ணாக வரவே வராது! காரணம் எளிது. எடுத்த எண்ணுக்கு முன் எண்ணின் வர்க்கத்தோடு ஒன்று, பின் எண்ணின் வர்க்கத்தோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் அதே விடை கிடைக்கும். 10க்குச் செய்து பாருங்கள்: 82ஐ 122ஆல் பெருக்க 10,004. இந்தச் சமன்பாடு இன்றும் அம்மையாரின் பெயரால் வழங்குகிறது.

1804இல் ஜெர்மானிய மேதை கௌஸுக்கும் அவர் லெப்லான் என்ற பெயரிலேயே கடிதம் எழுதினார். 1806இல் நெப்போலியனின் படை கௌஸ் வாழ்ந்த பிரன்ஸ்விக் நகரைப் பிடித்தது. ஆர்க்கிமிடீஸுக்கு நேர்ந்தது இவருக்கும் நேர்ந்துவிடுமோ என்று நடுங்கிய சோஃபி, குடும்ப நண்பரான தளபதி பெர்னெட்டியிடம் வேண்டிக்கொண்டார். தளபதி அனுப்பிய அதிகாரி நலம் விசாரிக்க வந்தபோது, தமக்காகப் பரிந்து பேசிய அந்தப் பெண்மணி யார் என்றே கௌஸுக்குத் தெரியவில்லை! மறு ஆண்டு சோஃபி தம் உண்மைப் பெயரைத் தெரிவித்தார். தடைகள் அத்தனையையும் மீறி ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்ததை கௌஸ் மனமாரப் புகழ்ந்து எழுதினார். இருவரும் கடைசிவரை நேரில் சந்திக்கவேயில்லை.

ஒரு பகா எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டினால் மீண்டும் பகா எண் வருவதுண்டு. 2இலிருந்து 5, 5இலிருந்து 11, பிறகு 23, பிறகு 47. 7க்கு இது பொருந்தாது, 15 வந்துவிடும். பொருந்தும் எண்களுக்கு சோஃபி ஜெர்மேன் பகா எண்கள் என்று பெயர். 9உம் 16உம் சேர்ந்து 25 ஆவதுபோல இரு வர்க்கங்கள் கூடி வர்க்கமாகலாம். ஆனால் கனத்திலும் அதற்கு மேற்பட்ட அடுக்குகளிலும் அவ்வாறு ஆகாது என்று ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருந்தார். மேற்சொன்ன பகா எண் அடுக்காக இருக்குமானால், அத்தகைய மூன்று எண்களில் ஒன்றாவது அந்தப் பகா எண்ணால் வகுபட்டே தீரவேண்டும் என்று அம்மையார் நிறுவினார். அதுவரை ஒவ்வோர் அடுக்காகத் தனித்தனியே முயன்று வந்தவர்களுக்கு, பல அடுக்குகளை ஒரே வீச்சில் அணுகும் வழியைக் காட்டியவர் இவரே. ஃபெர்மாவின் கூற்று முழுமையாக நிரூபிக்கப்பட்டுக் கட்டுரை வெளியானது 1995இல்தான். சோஃபி ஜெர்மேன் பகா எண்கள் முடிவில்லாதவையா என்பது இன்றும் விடை காணாத வினா.

அதிரும் தகடுகளைப் பற்றிய ஆய்வுக்காக, மூன்றாம் முயற்சியில், 1816இல் பாரிஸ் அறிவியற் கழகத்தின் பரிசையும் பெற்றார். மார்பகப் புற்றுநோயால் வாடி, 1831 ஜூன் 27இல் தம் 55ஆம் வயதில் மறைந்தார். மரணப் பதிவில் அவரைக் கணித அறிஞர் என்று எழுதவில்லை. சொத்து வருமானத்தில் வாழ்ந்தவர் என்றே குறித்தார்கள். 1889இல் எழுந்த ஈஃபில் கோபுரத்தில் 72 அறிஞர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். உலோகத்தின் நெகிழ்ச்சியை ஆராய்ந்த அம்மையாரின் பெயர் அவற்றுள் இல்லை. ஆயினும் பாரிஸில் ஒரு தெருவுக்கும், பெண்களுக்கென்றே தொடங்கப்பெற்ற ஒரு பள்ளிக்கும் அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.